விரல் மட்டும் போதும்

படம் ஓடாமல் மூடிக் கிடந்த பழைய திரையரங்கின் வாசலில் மறுபடியும் ‘அரங்கு நிறைந்தது’ பலகை தொங்கியது. கதாநாயகன் இல்லை, கதாநாயகி இல்லை, பாட்டு இல்லை, சண்டை இல்லை. ஒரே ஒரு சொட்டு ரத்தம். அதைப் பெரிதாக்கி வெண்திரை முழுக்கக் காட்டினார்கள். அதைப் பார்க்கத்தான் வெயிலில் வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து நின்றது.

காட்டியவர் பெயர் குருதி ஐயா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். வெள்ளைக் கோட்டு, அதன்மேல் இடுப்பு வரை தொங்கும் மணிமாலை, கன்னத்தோரம் ஒலிவாங்கி. மருத்துவத்தை நம்புகிறவர் கோட்டைப் பார்த்துக்கொள்ளலாம், மந்திரத்தை நம்புகிறவர் மாலையைப் பார்த்துக்கொள்ளலாம். எந்த மீனும் தப்பக் கூடாதென்றால் இரண்டு வலையும் வேண்டுமல்லவா?

ஐயாவின் தத்துவம் எளிமையானது. நோய் என்பது ஒட்டு. அணுவோடு அணு ஒட்டிக்கொண்டால் புற்றுநோய், மூட்டோடு மூட்டு ஒட்டிக்கொண்டால் வாதம், படித்தது மூளையில் ஒட்டாவிட்டால் அதற்கும் ஓர் ஒட்டுதான் காரணம். ஐயா தரும் ‘ஒட்டறுப்பு நீர்’ ஒரு டம்ளர் குடித்தால் எல்லாம் பிரிந்து போகும். ‘ஒட்டு மூலக்கூறு’ என்று ஒரு சொல்லை வேறு எங்கிருந்தோ பொறுக்கி வைத்திருந்தார். அப்படி ஒன்று உண்மையிலேயே உண்டு. ஒரு பிடி அரிசியை மேலே தூவிவிட்டு ஒரு மூட்டை உமியை விற்கிற வித்தை அது.

ஆனால் ஐயாவின் மூளை முழுதும் வெளிப்பட்டது தத்துவத்தில் அல்ல, ஒரு கறுப்புத் துணியில். மேடையின் ஓரத்தில் அந்தத் துணியைத் தொங்கவிட்டு, அதில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை போட்டிருந்தார். நோயாளி துணிக்குப் பின்னால் நிற்பார். துளை வழியாக விரலை மட்டும் நீட்டுவார். வாசல் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: ‘முகம் வேண்டாம். பெயர் வேண்டாம். விரல் மட்டும் போதும். உங்கள் குடும்ப மானம் எங்கள் பொறுப்பு.’

பூட்டுக்கடைப் பெரியவரை வீழ்த்தியது இந்தக் கடைசி வரிதான்.

பெரியவர் லேசில் விழுகிற ஆள் அல்லர். உட்கார்ந்தாலும் முதுகு நாற்காலியில் படாது. மூன்று தலைமுறையாகப் பூட்டு வியாபாரம். அந்தத் திரையரங்கின் கதவுகளில் தொங்கிய பூட்டுகள்கூட அவர் கடையில் வாங்கியவைதான். “நம்ம பூட்டு சாவிக்கு மட்டும்தான் தலை குனியும்” என்பார். கடைக்கு எப்படியோ வீட்டுக்கும் அப்படியே. உள்ளே நடப்பது வெளியே தெரிந்ததில்லை. உள்ளே இருப்பவர்களுக்கே பாதி தெரிந்ததில்லை.

அப்படிப்பட்ட வீட்டில் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய் வந்துவிட்டது. பட்டென்று ஆளை அடிக்கிற வகை அல்ல. ஆண்டுக்கணக்கில் உடம்போடு குடித்தனம் நடத்துகிற நாள்பட்ட வகை. கழுத்தின் இரு பக்கமும் நெறிக்கட்டிகள் புடைத்துக்கொண்டு நின்றன. பெரியவர் உடனடியாகச் சிகிச்சையைத் தொடங்கினார்: தம்பிக்கு ஒரு மஃப்ளர் வாங்கிக் கொடுத்தார்.

“வெயில் கொளுத்துதே அண்ணா.”

“சளின்னு சொல்லு.”

“இவ்வளவு நாளாவா சளி?”

“சளிக்கு என்னடா நாள் கணக்கு? கட்டிக்கோ.”

தம்பி கட்டிக்கொண்டான். சாவி வெட்டும் இயந்திரத்தின் முன் வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்திருந்தான். அண்ணன் சொன்னால் கிணற்றில் குதிப்பான். ஈரத்தோடு ஏறி வந்து அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்பான்.

ஊருக்கு மறைக்கக் காரணமும் இருந்தது. தம்பி மகளுக்கும் கடிகாரக் கடைக்காரர் மகனுக்கும் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. ‘ரத்தத்தில் நோய்’ என்று ஒரு வார்த்தை அந்தக் கடைக்குப் போனால் அங்குள்ள கடிகாரம் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்று பெரியவர் நினைத்தார்.

மருத்துவமனைக்கும் போனார்கள், பக்கவாசல் வழியாக. ரத்த நோய் மருத்துவரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார். எப்படி வேலை செய்யும், முதலில் என்ன நடக்கும் என்று சொல்ல வாயெடுத்தார். அப்போது பார்த்து நடைக்கூடத்தில் மளிகைக்கடைக்காரரின் தலை தெரிந்தது. பெரியவர் தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தே வந்துவிட்டார். மருத்துவரம்மாவின் வாக்கியம் பாதியில் நின்றது.

அந்தப் பாதி வாக்கியம்தான் குடியைக் கெடுக்கப் பார்த்தது. அடுத்த பரிசோதனையில் வெள்ளணு எண்ணிக்கை குறையவில்லை. ஏறியிருந்தது. கொஞ்சநஞ்சமல்ல, இரட்டிப்புக்கும் மேலே.

“மருந்தா இது? விஷம்!” என்று பெரியவர் மாத்திரைப் புட்டியைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதே வாரம் குருதி ஐயாவின் பலகை கண்ணில் பட்டது. ‘ஆங்கில மாத்திரையால் எண்ணிக்கை ஏறியவர்களுக்குத் தனிக் கவனம்’ என்றும் அதில் இருந்தது. கண்ணி வைக்கிறவனுக்கு முயலின் பாதை தெரியாதா?

எதிர்த்தது ஒரே ஆள். தம்பியின் மனைவி. வீட்டில் சின்னவள் என்றுதான் பேச்சு. மின்சார அலுவலகத்தில் புகார் கேட்கும் மேசையில் வேலை. பகலெல்லாம் பொய்யும் மெய்யும் கலந்து கேட்டுக் கேட்டு, ஒருவர் மூச்சு விடும்போதே வரப்போவது எது என்று சொல்லிவிடுவாள்.

“டாக்டர் சொன்னதைக் கேட்டீங்களா பெரியத்தான்?”

“கேட்டேன்.”

“பாதி கேட்டீங்க. மீதியை நான் போய்க் கேட்டுட்டு வந்தேன்.”

“தனியாவா போனே?”

“கேக்கறதுக்குக் காதுதானே வேணும்? துணைக்கு ஆள் எதுக்கு?”

பெரியவர் முறைத்தார். அவள் நிறுத்தவில்லை.

“இந்த நோய்ல கெட்டுப்போன வெள்ளணு சும்மா ரத்தத்துல சுத்திக்கிட்டு இருக்கிறதில்ல. எலும்பு மஜ்ஜையிலயும் நெறிக்கட்டியிலயும் போய் ஒட்டிக்குது. அதுங்க மேல கொக்கி மாதிரி ஒண்ணு இருக்காம். அதாலதான் பிடிச்சுக்கிட்டுத் தொங்குது. அதுக்குச் சாப்பாடு, பாதுகாப்பு எல்லாம் அங்கதான். இந்த மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்தி விடுது. கழண்டதெல்லாம் ரத்தத்துக்கு வந்து சேருது. அதனாலதான் முதல்ல எண்ணிக்கை ஏறுது. வெளிய வந்ததுக்கு ஒண்ட இடமில்ல, போகப்போகச் சாகும். ‘ஏறினதைப் பாத்துப் பயந்து நிறுத்திடாதீங்க, நிறுத்தினா ஆபத்து’ன்னு அன்னைக்கே சொல்ல வந்தாங்களாம். நீங்கதான் மளிகைக்கடையைக் கண்டு ஓடிட்டீங்க.”

“எண்ணிக்கை ஏறினா நல்லதா? கடையில எலி பெருகினா மருந்து வேலை செய்யுதும்பியா?”

“பொந்துல இருந்த எலி நடுக்கூடத்துக்கு வந்தா, ஆமாம்பேன்.”

“கழுத்து கொஞ்சம் இளகின மாதிரிதான் இருக்கு அண்ணா” என்று தம்பி முனகினான்.

“உன்னைக் கேட்டேனா? மஃப்ளரை அவிழ்க்காதே.”

அவிழ்த்துப் பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மானத்தைக் கட்டி வைத்த துணி மருத்துவத்தின் சாட்சியையும் சேர்த்துக் கட்டி வைத்திருந்தது.

இந்த நேரத்தில் கடிகாரக் கடைச் சம்பந்தி ஒரு வெடிகுண்டைச் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனார். குருதி ஐயாவிடம் இரண்டு விதமான டோக்கன் உண்டு. நோயாளிக்கு மஞ்சள், ‘சுத்த ரத்தச் சான்றிதழ்’ கேட்பவருக்கு வெள்ளை. “இப்ப சம்பந்தம் வைக்கிறவங்க எல்லாரும் வெள்ளை டோக்கன் வாங்கறாங்க. பொண்ணோட அப்பாவும் ஒண்ணு வாங்கிட்டா நல்லது. நானும் முன் வரிசையில உக்காந்து பாக்கறேன்” என்றார்.

பெரியவர் ஒரு பகல் முழுக்க யோசித்துத் திட்டம் போட்டார். இரண்டு டோக்கனும் வாங்குவது. மஞ்சளுக்குத் தம்பி விரலை நீட்டுவான், நோய் தீரும். தம்பிக்கான வெள்ளைக்கு அண்ணன் விரலை நீட்டுவார், சான்றிதழ் கிடைக்கும். விரலுக்கு முகமா இருக்கிறது?

“அருமையான யோசனை பெரியத்தான்” என்றாள் சின்னவள். “டோக்கனை நான் வெச்சிருக்கேன். பதற்றத்துல மாறிடப் போகுது.”

இவ்வளவு நல்ல தம்பி பெண்டாட்டியைத் தெரியாமல் திட்டிவிட்டோமே என்று பெரியவர் உருகிப் போனார்.

அன்றைக்குக் கறுப்புத் துணிக்குப் பின்னால் மூவரும் நின்றார்கள். பழைய நாற்காலிகள், ஒரு மணல் வாளி, மேலே சிலந்தி வலை. துணியின் மறுபக்கம் ஐயாவின் மச்சினன் ஊசியும் பஞ்சும் நுண்ணோக்கியுமாக உட்கார்ந்திருந்தான். துணி ஓரத்தின் இடுக்கு வழியாக மச்சினனின் கையும் திரையும் தெரிந்தன. முன் வரிசையில் சம்பந்தியும் தெரிந்தார்.

“விரலை நீட்டுங்க” என்றாள் சின்னவள்.

பெரியவர் நீட்டினார். முதலில் வெள்ளை என்று நினைத்துக்கொண்டார். காய்ந்த பஞ்சு துடைத்தது. ஊசி குத்தியது. தடித்த ஒரு சொட்டை வழித்து எடுத்துக்கொண்டார்கள்.

“மஞ்சள் டோக்கன்!” என்று மச்சினன் கத்தினான்.

பெரியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏம்மா, மாத்திக் கொடுத்துட்டியே!”

“அய்யய்யோ, ஆமா” என்றாள் அவள். முகத்தில் ‘அய்யய்யோ’ இல்லை. “இப்பக் கத்தினா முகம் தெரிஞ்சிடும். சும்மா இருங்க.”

ஐயா மேடையில் உலாவினார். சொட்டைத் திரையில் காட்ட அவசரமே படவில்லை. ஒட்டைப் பற்றிப் பேசினார், உலகத்தைப் பற்றிப் பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு விளக்கு அணைந்தது. திரையில் சிவப்பணுக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக, அடுக்கிய காசுகள் போலக் கட்டுக்கட்டாக ஒட்டிக் கிடந்தன. அரங்கம் ‘ஐயோ’ என்றது.

“பாருங்க! நல்லாப் பாருங்க! இது ரத்தமா, கோந்தா? புற்றுநோய் முத்திப் போய்க் கிடக்கு. நாள்பட்ட நோய்! இந்த உடம்புக்குச் சொந்தக்காரர் இன்னும் நிக்கிறாரே, அதுவே அதிசயம்!”

பெரியவர் தன் கால்களைக் குனிந்து பார்த்துக்கொண்டார். போன மாதம்தான் ரத்ததானம் செய்து, எல்லாப் பரிசோதனையும் சுத்தம் என்று வந்திருந்தார். இருந்தாலும் பக்கத்து நாற்காலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். நம்பிக்கைக்கு ஆதாரம் வேண்டாம். இருட்டும் ஒலிபெருக்கியும் போதும்.

துளை வழியாக ஒட்டறுப்பு நீர் வந்தது. சின்னவள் டம்ளரை வாங்கினாள். மணல் வாளியில் கவிழ்த்தாள்.

“குடிச்சாச்சா?” என்றது ஒலிபெருக்கி.

“ஒரு சொட்டு மிச்சமில்ல ஐயா” என்றாள் உரக்க. பொய் சொல்லவில்லை.

மறுபடியும் விரல். இந்த முறை பஞ்சு சில்லென்று ஈரமாக இருந்தது. துடைத்த ஈரம் காயும் முன்னே குத்தி, சின்னப் பொட்டாக எடுத்து, உடனே திரையில் காட்டினார்கள். அணுக்கள் தனித்தனியாகப் பிரிந்து ஜாலியாக மிதந்தன. கைத்தட்டலில் கூரைத் தூசி கொட்டியது.

“ஒட்டு அறுந்தது! இனி அந்த விஷ மாத்திரை எதுக்கு? நீட்டுங்க இப்படி. எல்லார் முன்னாலயும் குப்பையில கொட்டுவோம்!”

துளைக்கு அப்பால் மச்சினனின் உள்ளங்கை விரிந்து காத்திருந்தது. பெரியவரின் கை சட்டைப்பைக்குப் போனது. புட்டியைத் தொட்டது.

“மாத்திரை எங்கயும் ஓடிடாது பெரியத்தான். வெள்ளை டோக்கனையும் பாத்துடுவோம்” என்று சொல்லி, அவள் தம்பியின் விரலைப் பிடித்துத் துளைக்குள் திணித்தாள்.

வெள்ளை டோக்கனுக்கு நேரடியாக ஈரப்பஞ்சு. திரையில் அணுக்கள் பளிச்சென்று மிதந்தன.

“பால்!” என்று கூவினார் ஐயா. “இது ரத்தமில்ல, பால்! நோயோட வாசனைகூட இல்ல. இந்த வீட்டுல சம்பந்தம் வைக்கிறவங்க கொடுத்து வெச்சவங்க!”

முன் வரிசையில் சம்பந்தி எழுந்து நின்று கைதட்டினார்.

பெரியவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. சான்றிதழ் வந்தது. சம்பந்தியின் மனம் நிறைந்தது. முகம் யாருக்கும் தெரியவில்லை. மாத்திரைப் புட்டியைத் துளை வழியாகத் தள்ளிவிட்டால் போதும், மானம் முழுசாக வீடு வந்து சேரும்.

அவர் தம்பியைப் பார்த்தார். புழுக்கம் தாங்காமல் அவன் மஃப்ளரைத் தளர்த்தியிருந்தான். மஃப்ளர் கட்டிவிட்ட பிறகு முதல்முறையாகப் பெரியவர் அந்தக் கழுத்தை நேராகப் பார்த்தார். எலுமிச்சை அளவு புடைத்து நின்ற கட்டிகள் இப்போது சுண்டைக்காயாகச் சுருங்கியிருந்தன. சுருங்கியிருந்தன, ஆனால் இருந்தன. நோயின் வாசனைகூட இல்லை என்று அந்த ஆள் இப்போதுதானே சொன்னான்? விஷம் என்று தான் பிடுங்கி வைத்த மாத்திரைதானே இவ்வளவும் செய்திருக்கிறது?

பெரியவருக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். ஒரு பூட்டுக்கு ஒரு சாவி. எல்லாப் பூட்டையும் திறக்கிறேன் என்று வருகிற கம்பிக்குத் தொழிலில் வேறு பெயர். கள்ளச்சாவி.

“நீ வேணும்னேதான் மாத்தினே” என்றார் சின்னவளிடம்.

“ஆமா.”

“எங்கிட்ட முன்னாலேயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா மஃப்ளரை எனக்கும் சேத்துக் கட்டியிருப்பீங்க.”

பெரியவர் கறுப்புத் துணியை இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். துணியும் கம்பியும் சிலந்தி வலையும் சேர்ந்து விழுந்தன. மேடை விளக்கில் முதுகு வளையாமல் நின்றார்.

“நான் பூட்டுக்கடைக்காரன். மஞ்சள் டோக்கனுக்கு விரல் நீட்டினது நான். எனக்கு ஒரு நோயும் இல்ல. தண்ணியையும் குடிக்கல, வாளியில இருக்கு பாருங்க. பாலுன்னாரே, அது என் தம்பி ரத்தம்.” முன் வரிசையைப் பார்த்தே சொன்னார். “என் தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். மறைச்சது நான்.”

“யோவ், உக்காருய்யா!” என்று ஒருவன் கத்தினான். “சாமி குத்தம் ஆயிடும்!” என்றாள் ஒருத்தி. ஏமாற்றியவனைவிட எழுப்பியவன்மேல்தான் முதல் கோபம் வரும். தூக்கம் அப்படிப்பட்டது.

ஐயா அசரவில்லை. “ரத்த பந்தம்! அண்ணன் தம்பி பக்கத்துல பக்கத்துல நின்னதால ஒருத்தர் ஒட்டு இன்னொருத்தருக்குத் தாவிடுச்சு!”

“அப்ப பக்கத்துல யாருமே வேணாம்” என்றாள் சின்னவள், மேடைக்கு வந்து. “உங்க விரலை நீட்டுங்க ஐயா. இந்தத் தண்ணிய நீங்க தினமும் குடிக்கிறவர்தானே? காஞ்ச பஞ்சுல துடைச்சு, தடிச்ச சொட்டா வெச்சு, கொஞ்சம் ஆறவிட்டுக் காட்டுவோம்.”

“ஞானிகளைக் குத்தக் கூடாது.”

“நாங்க மட்டும் குத்துப்படப் பொறந்தவங்களா?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். கேள்வி நியாயமாகப் பட்டது. நான்கு பேர் மேடையேறினார்கள். ஐயாவின் விரல் நீண்டது. நீட்டப்பட்டது என்பதே சரி. பெரியவர் ஈரப்பஞ்சுக் கிண்ணத்தைத் தன் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் காத்தார்கள். திரையில் குருதி ஐயாவின் ரத்தம் காசு காசாக அடுக்கி ஒட்டிக்கொண்டது.

“அடப்பாவமே, நம்ம ஒட்டையெல்லாம் தன்மேல வாங்கிக்கிட்டாரே!” என்று ஒரு பெரிய மனிதர் கண்ணைத் துடைத்தார். பக்தியைக் கொல்வது அவ்வளவு சுலபமல்ல.

சின்னவள் ஈரப்பஞ்சை எடுத்து அதே விரலைத் துடைத்தாள். சின்னப் பொட்டாக எடுத்துத் திரையில் காட்டினாள். அணுக்கள் பிரிந்து மிதந்தன.

“யாரும் எதையும் குடிக்கல. இது வெறும் உப்புத் தண்ணி. தடிச்ச சொட்டை ஆறவிட்டா யார் ரத்தத்துலயும் சிவப்பணு அடுக்கிக்கும். உப்புத் தண்ணி பட்டாப் பிரிஞ்சுக்கும். அதுக்கும் புற்றுநோய்க்கும் சம்பந்தமே இல்லன்னு டாக்டரம்மாவே சொன்னாங்க. நோய்ல பிடிச்சுத் தொங்குறது வெள்ளணு. அந்தக் கொக்கியெல்லாம் இந்த மிஷின்ல தெரியவே தெரியாது. இவர் பேச்சைக் கேட்டு மாத்திரையைக் கொட்டினவங்க இங்க எத்தனை பேர்?”

கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. ஒரு பெண் கையைத் தூக்கவில்லை. “என் வீட்டுக்காரர் இருந்தப்பக் கொட்டினாரு” என்று மட்டும் சொன்னாள். ‘இருந்தப்ப’ என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டு அரங்கம் அடங்கிப் போனது.

அடங்கிய அரங்கம் பிறகு எழுந்தது. ஐயா மாலையைச் சுருட்டிக்கொண்டு பக்கக் கதவுக்கு ஓடினார். கதவில் பெரியவர் கடைப் பூட்டு தொங்கியது. ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார், ஒட்டறுக்கும் மந்திரத்தைக்கூட முணுமுணுத்தார். நல்ல பூட்டு. காவலர் வரும்வரை திறக்கவில்லை.

சம்பந்தி மெல்லப் படியேறி மேடைக்கு வந்தார். பெரியவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முறியப்போகிற சம்பந்தத்தை நிமிர்ந்து நின்றே வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்திருந்தார்.

“அந்த டாக்டரம்மா எந்த நேரத்துல பாப்பாங்க?” என்று சம்பந்தி காதோடு கேட்டார். “எங்கம்மாவுக்கும் கழுத்துல இதே மாதிரி... நாங்க சால்வை போட்டு வெச்சிருக்கோம்.”

பெரியவர் புட்டியை எடுத்துத் தம்பியின் கையில் வைத்தார். நோய் ஓடிவிடவில்லை, இனியும் கூடவே இருக்கும், அடங்கி இருக்கும். தம்பி மஃப்ளரால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அன்று முதல் அது கடையில் சாவித்தூள் துடைக்கப் பயன்படுகிறது.

கூட்டம் கலைந்தது. போகிற வழியில் இரண்டு பேர் பேசிக்கொண்டது பெரியவர் காதில் விழுந்தது: “பக்கத்து ஊர்ல ஒருத்தர் இருக்காராம். நாக்கைப் பாத்தே சொல்லிடுவாராம்.”

“நில்லுங்கடா” என்றார் பெரியவர். “பூட்டு கதவுக்குப் போடுறது. தலைக்குப் போட்டுட்டுச் சாவியைக் கண்டவன் கையில குடுத்துட்டு நிக்காதீங்க.”